கடலோரத்துக்கு வந்த மலைப்பூ

பூவரச மரத்தை அறியாத தமிழர் இருக்க முடியாது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளைப் பருவமும் இருக்க முடியாது. உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் அஞ்சாத மரம் அது. தமிழகக் கடற்கரையில் எப்படி நிற்கிறதோ அப்படியே சிங்கப்பூர்க் கடற்கரையிலும் மலாயாக் கடற்கரையிலும் தானாக வளர்ந்து நிற்கிறது.

நீலகிரி, மூணாறு மலைகளில் வேறொரு மரம் இருக்கிறது. அது புல்வெளிகளின் ஓரத்தில் கூனிக் குறுகி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆண்டின் தொடக்க மாதங்களில் கொத்துக் கொத்தாக இரத்தச் சிவப்பில் பூத்துக் குலுங்கும். மலை மக்கள் அதற்குக் காட்டுப்பூவரசு என்று பெயரிட்டார்கள். பெயர் ஒன்று போலிருந்தாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. கடற்கரைப் பூவரசு செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையிலுள்ள காட்டுப்பூவரசோ ரோடோடெண்ட்ரான் என்னும் இனத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு ரோஜா மரம் என்று பொருள்.

இலங்கையில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே மரத்தின் உடன்பிறப்பு ஒன்று வளர்கிறது. பெரிய சிவப்புப் பூ என்ற பொருளில் சிங்களவர் அதை மகா ரத்மல் என்பர். நேபாள நாட்டின் தேசிய மலரும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். உலகில் ரோடோடெண்ட்ரான் வகைகள் ஏறக்குறைய ஆயிரம் உள்ளன. சீனப் புத்தாண்டின்போது நம் ஊர்க் கடைகளில் தொட்டியில் விற்கும் அசேலியாவும் இந்த ஆயிரத்துக்குள் அடக்கம்.

பூவரசு கடலுக்குச் சொந்தம், காட்டுப்பூவரசு மலைக்குச் சொந்தம் என்பது இயற்கை போட்ட கணக்கு. அந்தக் கணக்கை மாற்றி, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் மலைப்பூவை வளர்த்துக் காட்டியிருக்கிறது சிங்கப்பூர். அதை எப்படிச் செய்தார்கள், அதில் தோட்டத்துக் குடும்பங்களாகிய நாம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரை.

மலை என்ன கொடுக்கிறது?

மலைச்செடிக்குக் குளிர் வேண்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். மலை கொடுப்பது ஒன்றல்ல, நான்கு.

முதலாவது குளிர், அதிலும் குறிப்பாக இரவின் குளிர். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் சிகரம் சுமார் 2,000 மீட்டர் உயரம். அப்படியானால் அங்கே 12 டிகிரி குறைந்து 16 டிகிரி அளவில் இருக்கும். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். அதன் உச்சியில் ஏறி நின்றாலும் ஒரு டிகிரி குறைந்தால் பெரிது.

பகல் வெப்பத்தை மலைச்செடி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரவு வெப்பத்தைத்தான் அது தாங்காது. செடி பகலில் வெயிலைக்கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் மூச்சுவிடும்போது அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் செலவாகும். பகலெல்லாம் உழைத்து வாங்கிய சம்பளத்தை இராத்திரியே தொலைத்துவிடும் குடும்பத்தின் கதிதான் சமவெளிக்கு வந்த மலைச்செடிக்கும். முதல் மாதம் பச்சையாக இருக்கும், இரண்டாம் மாதம் வெளுக்கும், பிறகு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். அசேலியாத் தொட்டியைப் புத்தாண்டுக்கு வாங்கி, சில மாதங்களில் குப்பையில் போட்ட குடும்பங்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

இரண்டாவது புளிப்பு மண். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். ரோடோடெண்ட்ரானுக்கு நாலரையிலிருந்து ஆறு வரை இருந்தால் பொருந்தும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைத்தால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இலையின் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. தேயிலைக்கும் இதே புளிப்பு மண்தான் வேண்டும். தாவர நூலார் தேயிலையையும் ரோடோடெண்ட்ரானையும் ஒரே பெரும் வரிசைக்குள் வைக்கிறார்கள். இரண்டும் தூரத்து உறவு என்றே சொல்லலாம். தேயிலை செழிக்கும் மலைச்சரிவுக்கு மேலே, வெட்டாமல் விட்ட காட்டில் ரோடோடெண்ட்ரான் பூத்திருப்பது தற்செயல் அல்ல.

மூன்றாவது காற்றோட்டமான வேர். இச்செடியின் வேர் தலைமயிர் போல மெல்லியது. அது ஆழமாகப் போகாமல் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கும். ஒருவகைப் பூஞ்சணம் அந்த வேரோடு கூடி வாழ்ந்து, சத்தில்லாத மண்ணிலிருந்தும் உணவைத் தேடிக் கொடுக்கும். அந்த வேர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் நிற்கக் கூடாது. நம் பக்கத்து மலைகளில் வளரும் பல வகைகள் மண்ணையே தொடுவதில்லை. பாசி படிந்த மரக்கிளைமேல், காட்டு ஆர்க்கிட் போல ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மரத்தைப் பிடித்திருந்தாலும் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டும் கேட்கின்றன.

தண்ணீர் தேங்கிய சூடான மண்ணில் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி பெருகி வேரை அழுகவைக்கும். இந்தப் பெயர் ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்கள் காதில் விழுந்திருக்கும். மழைக்காலத்தில் ரப்பர் இலையை உதிரவைப்பதும், பால் வெட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழவைப்பதும் இந்தக் கிருமிக் குடும்பம்தான். ரப்பர் மரத்தின் பட்டையைத் தாக்குவதுபோலவே மலைப்பூவின் வேரையும் தாக்குகிறது.

நான்காவது மூடுபனி. மலையில் மேகமே கீழிறங்கி இலையை நனைக்கும். வெயில் வரும், ஆனால் மேகம் வந்து அடிக்கடி மறைத்துவிடும். இதனால் வெளிச்சத்துக்கும் குறைவில்லை, காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை.

குளிர், புளிப்பு மண், மூச்சுவிடும் வேர், ஈரக் காற்று ஆகிய இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் செடி நிற்காது. மூன்றைக் கொடுத்துவிட்டேனே என்று அதனிடம் வழக்காட முடியாது.

கடற்கரையில் வளராதா?

கடல் பக்கம் என்றாலே இச்செடிக்குப் பகை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இன்வரியூ என்ற தோட்டம் இருக்கிறது. ஆஸ்குட் மெக்கன்ஸி என்பவர் 1862-இல் அந்த இடத்துக்கு வந்தபோது பாறையும் கறுப்பு மக்குமண்ணும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. உப்புக் காற்று வேறு வாரி அடித்தது. அவர் உடனே பூச்செடி வைக்கவில்லை. முதலில் பைன் போன்ற மரங்களை வரிசையாக நட்டுக் காற்றுக்கு வேலி கட்டினார். வெளியிலிருந்து மண்ணைக் கூடைகளில் சுமந்து கொண்டுவரச் செய்தார். மரவேலி வளர்ந்து காற்றைத் தடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதன் பிறகுதான் மென்மையான செடிகள் உள்ளே வந்தன. இன்று அத்தோட்டம் ரோடோடெண்ட்ரானுக்குப் பெயர் பெற்றது.

அட்லாண்டிக் பெருங்கடலில் வரும் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையின் கடுங்குளிரைத் தணிக்கிறது. புளிப்பான மக்குமண்ணும் அடிக்கடி பெய்யும் மழையும் இயல்பாகவே அங்கே உண்டு. குறையாக இருந்தது காற்றுக்கு ஒரு மறைப்பு மட்டுமே. அதை மனிதர் கொடுத்தார்கள். ஆகவே கடல் அருகில் இருப்பது குற்றமல்ல. உப்பை அள்ளிவரும் காற்றுக்கு மறைப்பில்லாமல் இருப்பதே குற்றம்.

சிங்கப்பூரின் நிலை வேறு. இங்கே மழை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,100 மில்லிமீட்டர். ஈரக் காற்று போதும் போதும் என்னும் அளவுக்கு உண்டு. மண்ணையும் வேண்டியபடி கலந்துகொள்ளலாம். இல்லாதது குளிர் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றைச் சாமானியமாக வாங்க முடியாது. பெரும்பாலான இரவுகளில் வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை.

லெடாங் மலையிலிருந்து லண்டனுக்கு

சிங்கப்பூர்க் கதைக்குப் போகும் முன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அது நம் ஜொகூர் மாநிலத்து லெடாங் மலையில் தொடங்குகிறது. 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலையை வெள்ளைக்காரர்கள் ஓஃபிர் மலை என்றார்கள். 1840-களில் தாமஸ் லாப் என்ற செடி சேகரிப்பாளர் இந்தப் பக்கத்து நாடுகளில் சுற்றினார். இங்கிலாந்தின் வீச் என்ற புகழ்பெற்ற நாற்றுப்பண்ணை அவரை அனுப்பியிருந்தது. லெடாங் மலையில் அவர் ஒரு ரோடோடெண்ட்ரானைக் கண்டார். வெள்ளை நிறம், குழல் போன்ற நீண்ட பூ, கூடவே நறுமணம். 1850-இல் அதற்கு மல்லிகைப்பூ ரோடோடெண்ட்ரான் என்ற பொருளில் லத்தீன் பெயர் சூட்டினார்கள்.

இதுபோன்ற நம் பக்கத்து மலைவகைகளுக்கு வைரேயா என்று பொதுப்பெயர். மலாயா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பீன்ஸ், நியூகினி ஆகிய இடங்களில் ஏறக்குறைய 300 வகைகள் உள்ளன. இமயமலை வகைகளைப் போல இவை உறைபனியைத் தாங்காதவை. குளிரும் வேண்டும், கடுங்குளிரும் கூடாது. நம் பாட்டிமார் சொல்வதுபோல, வெந்நீரும் ஆகாது பச்சைத் தண்ணீரும் ஆகாது என்னும் ரகம்.

இங்கிலாந்தின் பனிக்காலத்தில் இவை செத்துப்போகும். ஆகையால் கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரித்து, சூடேற்றி வளர்த்தார்கள். வீச் பண்ணையார் இரண்டு மூன்று வகைகளில் தொடங்கி ஒன்றோடொன்று கலந்து நூற்றுக்கணக்கான புது வகைகளை உண்டாக்கினார்கள். பணக்காரர் வீடுகளில் இவை பெருமைக்குரிய பொருளாயின. முதல் உலகப் போர் வந்தது. நிலக்கரிக்கும் தட்டுப்பாடு, ஆளுக்கும் தட்டுப்பாடு. கண்ணாடி வீடுகள் குளிர்ந்தன. அரை நூற்றாண்டாக உண்டாக்கிய கலப்பு வகைகளில் மிகப் பெரும்பாலானவை அழிந்தே போயின. இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பழைய வகைகள் மிஞ்சியிருக்கின்றன.

அடுப்பு அணைந்ததும் செடியும் அணைந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வருவோம்.

சிங்கையின் கண்ணாடி மலை

சிங்கப்பூருக்குப் போகும் நம் தோட்டத்து மக்கள் முதலில் இறங்குவது தேக்காவில்தான். சிராங்கூன் சாலையில் நடந்து, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, சந்தையைச் சுற்றி, பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை வாங்காமல் திரும்புவதில்லை. தமிழகத்திலிருந்து விமானத்தில் வரும் அந்த மல்லிகையைக் குளிரில் வைத்து வாடாமல் காப்பார்கள். பறித்த பூவை ஓரிரு நாள் குளிரில் வைப்பது எளிது. வேரோடு இருக்கும் செடியை ஆண்டு முழுதும் குளிரில் வைப்பது எப்படி?

அதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் நான்காவது நிறுத்தமான பேஃபிரண்டில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தால் கரையோரப் பூந்தோட்டம். கடலைத் தூர்த்த நிலத்தில் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. மூன்று பகுதிகளும் சேர்ந்து 101 ஹெக்டர் பரப்பு. பக்கத்திலுள்ள மரினா குடாவும் இப்போது கடலல்ல. 2008-இல் முடிந்த மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து அதை நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டது. இன்வரியூவில் உப்புக் காற்றை மரவேலி தடுத்தது. இங்கே கடல்நீரை அணை தடுக்கிறது, காற்றைக் கண்ணாடி தடுக்கிறது.

தோட்டத்தில் இரண்டு பெரிய கண்ணாடிக் கூடங்கள் உள்ளன. ஒன்று மலர்க்கூடம். 1.2 ஹெக்டர் பரப்புள்ள அதை உலகின் மிகப் பெரிய கண்ணாடிச் செடிக்கூடம் என்று 2015-இல் கின்னஸ் நூல் பதிவு செய்தது. அதற்குள்ளே உலர்ந்த இளங்குளிர் நாடுகளின் பருவநிலை. மற்றது மேகக்காடு. 0.8 ஹெக்டர் பரப்பு. கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 3,000 மீட்டர் வரையுள்ள வெப்பநாட்டு மலைகளின் ஈரக்குளிரை அதற்குள் உண்டாக்கியிருக்கிறார்கள்.

மேகக்காட்டின் நடுவே பத்து மாடி உயரத்துக்கு ஒரு செயற்கை மலை. மேலேயிருந்து அருவி கொட்டுகிறது. மலையின் சுவரெல்லாம் ஆர்க்கிட், பெரணி, பெகோனியா, பூச்சி தின்னும் குடுவைச்செடி. இவற்றோடு வைரேயா ரோடோடெண்ட்ரான்களும் உண்டு. சமதரையில் பாத்தி கட்டி நடாமல் செங்குத்தான சுவரில் பதித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். காட்டில் மரக்கிளைமேல் வாழ்ந்த செடிக்கு அதே போன்ற இருப்பிடம். தண்ணீர் வந்து நனைத்துவிட்டு ஓடிவிடும், வேரில் நிற்காது. நாளில் சில வேளைகளில் புகைபோல நீராவியைப் பீய்ச்சுவார்கள். அதுதான் மலையின் மூடுபனிக்கு ஈடு.

என் வகுப்புப் பிள்ளைகளோடு அங்கே போனபோது ஒரு சிறுமி கேட்டாள்: "சார், இங்கதான் குளிருதே, அப்ப எல்லா மலைப்பூவும் இங்க வளருமா?" நல்ல கேள்வி. வளராது என்பதே பதில். கூடத்துக்குள் பார்வையாளர் வரும் நேரத்தில் வெப்பம் சுமார் 23 முதல் 25 டிகிரி. வெளியிலிருந்து போகும் நமக்கு அது குளிர். நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கோ அது கோடை வெயில். மார்கழியில் உறைபனி விழும் இடத்தில் பழகிய மரம் அது. ஆகவே எந்தச் செடி இந்த அளவுக் குளிரில் நிறைவடையுமோ அதையே தேர்ந்தெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. வைரேயாக்கள் இங்கே பொருந்துவதற்கு அதுதான் காரணம்.

குளிரை வாங்கும் விலை

கண்ணாடி வீட்டில் வெயில் விழுந்தால் அடுப்பாகிவிடும் என்பது எல்லாரும் அறிந்தது. அதைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்! பொறியாளர்கள் இதற்குப் பல வழிகள் செய்திருக்கிறார்கள். ஒளியை அதிகமாகவும் வெப்பத்தைக் குறைவாகவும் உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியைப் பதித்தார்கள். வெயில் ஏறினால் தானே விரியும் திரைகளை வைத்தார்கள். கூடம் முழுவதையும் குளிர்விக்காமல், மனிதரும் செடியும் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் குளிர்வித்தார்கள். தரைக்கடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. சூடான காற்று தானே மேலேறி வெளியேறும்.

ஈரக் காற்றைக் குளிர்விப்பதைவிட உலர்ந்த காற்றைக் குளிர்விப்பது சுலபம். ஆகவே ஈரத்தை உறிஞ்சும் ஒருவகை உப்புக் கரைசல் வழியாக வெளிக்காற்றைச் செலுத்தி உலர்த்துகிறார்கள். உறிஞ்சிய ஈரத்தைப் போக்கக் கரைசலைச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் நகரத்துச் சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் வெட்டிய கிளைகளைக் கொதிகலனில் எரிக்கிறார்கள். புகையை வெளியே விடும் புகைப்போக்கி, தோட்டத்தில் நிற்கும் செயற்கைப் பெருமரம் ஒன்றுக்குள் மறைந்திருக்கிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிலக்கரியை எரித்து நம் மலைச்செடிக்குச் சூடு கொடுத்தார்கள். இன்று சிங்கப்பூரில் விறகை எரித்து அதே இனத்துக்குக் குளிர் கொடுக்கிறார்கள். அங்கே குளிர் அதிகம், இங்கே வெப்பம் அதிகம். இரண்டு இடத்திலும் செடி கேட்டது ஒன்றுதான்: அது பிறந்த மலையின் காலநிலை. சிங்கப்பூரின் திறமையைப் பாராட்ட வேண்டும். கழிவு மரத்தைக்கொண்டு காரியம் சாதிப்பது சிறிய வேலையல்ல. ஆனால் இயந்திரம் நின்றால் என்னவாகும் என்பதற்கு வீச் பண்ணையின் கதையே சாட்சி.

வீட்டில் வைக்க விரும்பினால்

சமவெளித் தோட்டத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் இருப்பவர்கள் மலை ரோடோடெண்ட்ரானுக்கு ஆசைப்பட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். விதிவிலக்காகச் சில வகைகள் தாழ்ந்த இடத்திலும் வாழ்கின்றன. சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரைத் தாங்கிய போர்னியோ வகை அவற்றுள் ஒன்று. ஆனால் அவை சாதாரண நாற்றுக்கடைகளில் கிடைப்பது அரிது. அதே கொத்துப்பூ அழகு வேண்டுமானால் நம் இட்லிப்பூச் செடி இருக்கிறது. வெப்பத்துக்கு அஞ்சாதது, ரோடோடெண்ட்ரானைப் போலவே புளிப்பு மண்ணை விரும்புவது. உங்கள் இட்லிப்பூச் செடி நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடித்துக் கிடந்தால், பக்கத்தில் சிமெண்டுச் சுவரோ சுண்ணாம்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமரன் மலை போன்ற உயர்ந்த இடத்தில் குடியிருப்பவர்கள் தாராளமாக முயலலாம். அவர்களுக்குச் சில குறிப்புகள்:

குழியை ஆழமாகத் தோண்டாதீர்கள். வேர்க்கட்டியின் மேல்பாகம் தரைமட்டத்திலோ சற்று உயரமாகவோ இருக்கட்டும். அதன்மேல் மண்ணை ஏற்றி மூடினால் செடிக்கு மூச்சு முட்டும்.

தொட்டியில் வைப்பதானால் வெறும் களிமண் உதவாது. மரப்பட்டைத் துண்டு, காய்ந்த பெரணி நார், மக்கிய இலை ஆகியவற்றைக் கலந்து, நீர் உடனே வடியும்படி செய்யுங்கள்.

அடுப்புச் சாம்பலை எல்லாச் செடிக்கும் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதற்கு மட்டும் போடாதீர்கள். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். முட்டையோடும் அப்படித்தான். மழைநீரைப் பிடித்து ஊற்றுவது மிக நல்லது.

செடியைச் சுற்றி மண்வெட்டி போடக் கூடாது. களையைக் கையால் பிடுங்கிவிட்டு, காய்ந்த இலைகளைப் பரப்பி மூடுங்கள். காட்டில் யாரும் கொத்திவிடுவதில்லை. உரமும் அளவோடு இருக்க வேண்டும்.

காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்கு நிழல் இருக்கட்டும். முழு இருட்டில் வைத்தால் இலை வரும், பூ வராது.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் ஓர் எச்சரிக்கை. ரோடோடெண்ட்ரான், அசேலியா இரண்டின் இலையிலும் நஞ்சு உண்டு. ஆடு மேய்ந்தால் நுரைதள்ளிச் சாகக்கூடும். இமயமலைப் பக்கத்தில் சிவப்பு வகையின் இதழில் சர்பத் செய்து குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையில் வாங்கிய செடியின் பூவை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

மலை இலவசமாகத் தருவது

மேகக்காட்டைச் சுற்றிப் பார்த்து முடிக்கும் இடத்தில், பூமியின் வெப்பம் ஐந்து டிகிரி உயர்ந்தால் என்னவாகும் என்பதைப் படமாகக் காட்டுகிறார்கள். சமவெளி மரத்துக்கு வெப்பம் கூடினால் அதன் விதை மேலே ஏறி வளர இடம் இருக்கிறது. மலையுச்சிச் செடிக்கு ஏற எங்கே இடம்? ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்ற அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால், செடி பழைய குளிரைத் தேடி ஏறத்தாழ 170 மீட்டர் மேலே போக வேண்டும். லெடாங் மலை 1,276 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆகாயம்தான்.

வெப்பம் மட்டுமல்ல, வெட்டுக்கத்தியும் சேர்ந்துகொள்கிறது. நீலகிரியில் காட்டுப்பூவரசு நின்ற புல்வெளிகளிலும் சோலைகளிலும் பெரும்பகுதி தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீமை வேலமரத்துக்கும் போய்விட்டது. கேமரன் மலையில் சரிவுகளை வெட்டித் திறந்ததால் வண்டல் மண் ஆற்றில் இறங்கி ரிங்லெட் அணைத்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் ஓரிரவு பெய்த கனமழையில் தேக்கம் நிரம்ப, நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் வீடுகளுக்குள் புகுந்தன. உயிர்கள் போயின. பாசிக்காடு என்பது வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமல்ல. மேகத்தின் ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் தொட்டி அது. கீழே தேயிலைக்கும் குடியிருப்புக்கும் வரும் நீரின் தலைமடை அங்கேதான் இருக்கிறது.

நம் முன்னோர் காட்டை அழித்துத் தோட்டம் போட வந்தவர்கள். அது அவர்கள் விருப்பமன்று, வயிற்றுப்பாடு. தேயிலைக்கு எந்த மண் ஆகும், எந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும், எந்த மாதம் பனி இறங்கும் என்பதெல்லாம் அந்த உழைப்பால் நமக்கு வந்த அறிவு. எந்தக் கல்லூரியும் கொடுக்காத அந்த அறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் சிங்கப்பூரின் மேகக்காட்டைப் பார்க்கும் பிள்ளை, அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பூ தன் தாத்தா வேலை செய்த மலையின் உச்சியில் மின்சாரமில்லாமல் பூக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமரன் மலைப் பக்கம் போனால் தேயிலையோடும் ஸ்ட்ராபெர்ரியோடும் திரும்பிவிடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காடு இருக்கும் பக்கமும் பாருங்கள். கிளைமேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ கொத்துப்பூ தெரிந்தால் காட்டுங்கள், பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பறிக்க மட்டும் விடாதீர்கள். பெயர் தெரிந்த செடியை வெட்டும்போதுதான், ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்க ஒருவராவது இருப்பார்.